எட்டில் நின்றது, மூன்றில் நிற்கவில்லை

லாயாங் லாயாங் ஊரிலிருந்து தொழிற்சாலை வேனில் பிரவீனா வேலைக்குப் போன நாள்களில் எல்லாம் அவளுக்குச் சன்னலோர இருக்கையைப் பிடித்து வைத்தவர் அர்ச்சுனன். எஸ்டேட் லைனில் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அவர் பிளாஸ்டிக் வாளி வார்க்கும் இயந்திரத்தில் நின்றார். அவள் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து அந்த இயந்திரங்களுக்குக் கட்டளை அனுப்பும் நிரலை எழுதினாள். "நம்ம பிள்ளை கம்ப்யூட்டர் ரூம்ல இருக்கு லா" என்று ஊரெல்லாம் பெருமை பேசியவர் அவர்தான்.

இப்போது அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

இயந்திரத்தை ஓட்டும் பச்சைப் பொத்தான் வேலை செய்தது; நிறுத்தும் சிவப்புப் பொத்தான் எப்போதோ கெட்டுப்போனது. அதை மாற்ற சீன முதலாளி தவுக்கேவுக்கு மனம் வரவில்லை. திரையில் 'நிறுத்து' என்று இருக்கிறதே, அது போதாதா என்பார். திறந்திருந்த அச்சில் சிக்கிய வாளியை எடுக்க அர்ச்சுனன் கையை விட்டபோது அச்சு மூடிக்கொண்டது. அமுக்கிவிட்டுத்தான் கையை விட்டேன் என்று அன்றைக்குச் சொன்னார். இயந்திரம் ஏற்றுக்கொண்ட கட்டளை மட்டுமே கணினியில் பதிவாகும், அங்கே ஒன்றுமில்லை. அவர் குடித்திருந்தார் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. கேட்டுக் கேட்டுக் கடைசியில், "மறந்திருப்பேன் போல" என்று அவரே ஒப்புக்கொண்டார். பிரவீனாவும் அப்படித்தான் நினைத்தாள். தன் நிரல்மேல் அவளுக்கு அவ்வளவு கர்வம்.

விசாரணைக்கு அதிகாரி வருவதற்குள் ஒருமுறை பார்த்துவிடலாமே என்றுதான் அர்ச்சுனனின் மூன்றாம் நம்பர் இயந்திரத்தில் 'நிறுத்து' அமுக்கினாள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அறைக்குத் திரும்பி நிரலைத் திறந்தாள்.

விசைப்பலகையில் இல்லாத எழுத்தை சி என்ற கணினி மொழியில் எழுத வேண்டுமானால், பின்சாய்வுக் கோடு போட்டு அதன் எண்ணைக் கொடுக்கவேண்டும். கட்டளை தொடங்கும் குறிக்கு \2. அதற்குப் பின்னால் இயந்திரத்தின் பெயர். முன்பு பெயர்கள் ஏ, பி, சி என்று இருந்தவரை வம்பில்லை. எல்லாவற்றுக்கும் நம்பர் போடு என்றார் தவுக்கே. எழுத்து இருந்த இடத்தில் அவள் எண்ணைப் போட்டாள். ஆனால் அந்த மொழி, கோட்டுக்குப் பின்னால் இலக்கம் வந்தால் மூன்று இலக்கம் வரைக்கும் சேர்த்து விழுங்கிவிடும். \23 என்பதைக் குறி, பிறகு மூன்று என்று படிக்காது. வேறு ஏதோ ஒரே எழுத்தாகப் படிக்கும்; இயந்திரத்துக்கு அது கட்டளையாகவே தெரியாது. அங்கே பூஜ்யம் முதல் ஏழு வரைதான் இலக்கம். எட்டும் ஒன்பதும் கணக்கில் சேராததால் தப்பித்துக்கொள்ளும்.

அவள் சோதித்துப் பார்த்தது எட்டில். சீனர்களுக்கு எட்டு ராசி என்று தவுக்கே அங்கேதான் கூட்டிப்போனார். அமுக்கியதும் நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாள் காலைதான் அர்ச்சுனன் மூன்றில் கை வைத்தார்.

விஷயத்தைச் சொன்னதும் தவுக்கே முகம் மாறாமல், "சரி பண்ணிடு. டியாம் லா," என்று உதட்டில் விரல் வைத்தார். அவள் வாயை மூடவில்லை. தொழிற்சாலைப் பாதுகாப்பு இலாகாவுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

அர்ச்சுனனின் மனைவி ஷாமளா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அமுக்க மறந்ததற்காக அவரைத் திட்டாமல் அவள் ஒரு வேளைகூட ஊட்டியதில்லை.

"அண்ணே, நீங்க அமுக்குனீங்க. மிஷினுக்குத்தான் போய்ச் சேரலை. நான் எழுதுனது தப்பு."

ஷாமளா கரண்டியைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அமுக்குனேனா?" என்றார் அர்ச்சுனன்.

"அமுக்குனீங்கண்ணே."

"எனக்கே நம்பிக்கை போச்சும்மா. அமுக்குன விரலக் கேக்கலாம்னா, அது இல்ல." கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "நீ டெஸ்ட் பண்ணித்தானே கொடுத்த?"

"எட்டுல பண்ணேன்."

"என் மிஷின்லயும் வந்து ஒரு தடவ அமுக்கிப் பாத்திருக்கலாமேம்மா. நான் அங்கதானே நின்னேன்."