மேஜருக்கு வந்த கட்டியும் சாஸ்தா கொடுத்த ஆயுசும்

சாஸ்தாவை நம்பியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் மட்டாஞ்சேரி சாரதாவின் நமஸ்காரம். இதை நான் பஜனை மடத்தில் சொன்னபோது பாதிப் பேர் சிரித்தார்கள். ஒரு நாய்க்காகவா சாஸ்தாவைத் தொந்தரவு பண்ணினாய் என்று ஒரு மாமி கேட்டாள். ஆமாம், நாய்க்காகத்தான். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

1959-ஆம் வருஷம் தீபாவளி. விடிவதற்கு முன்னால் எல்லோருக்கும் எண்ணெய் தேய்த்தாகிவிட்டது. கடைசியாக மேஜருக்குத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேஜர் எங்கள் நாய். வலது பின்னந்தொடையில் என் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. தோலுக்கடியில் சுண்டைக்காய் அளவு. முள் குத்தியிருக்கும் என்று நினைத்தேன். கார்த்திகை பிறப்பதற்குள் அது நெல்லிக்காய் அளவாகிவிட்டது. தொட்டால் முனகினான்.

மேஜர் எங்களிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் கணவருக்குத் துறைமுகத்து ஐலண்டில் ஒரு தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. இவர் என்றே எழுதுகிறேன், பெயர் சொல்லிப் பழக்கமில்லை. கம்பெனி துரை சீமைக்குத் திரும்பிப் போனபோது தம்முடைய பாக்ஸர் ஜாதி நாயை இவர் கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். சங்கிலியோடு வாசலில் வந்து நின்ற அதன் முகத்தைப் பார்த்ததும் நான் அலறிவிட்டேன். சப்பை மூக்கு, தொங்கும் கன்னம், கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோன சமையல்காரர் மாதிரி ஒரு கோபம். அடுத்த நாளே என் புடவைத் தலைப்பில் தலையை வைத்துத் தூங்கினான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை.

நகரசபை மிருக ஆஸ்பத்திரியில் வர்கீஸ் டாக்டர் இருந்தார். கட்டியிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளித் திருச்சூர்ப் பக்கத்து மிருக வைத்தியக் கல்லூரிக்கு அனுப்பினார். பதில் வந்தது. எங்களைக் கூப்பிட்டனுப்பினார்.

"அம்மா, இது சாதாரண கட்டி அல்ல. கேன்ஸராக்கும்" என்றார்.

மனுஷனுக்கு வரும் வியாதி நாய்க்கும் வருமா? எனக்கு அதுவே தெரியாது. அங்கேயிருந்த மாட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். மேஜர் என் கையை நக்கிக்கொண்டு நின்றான். அவனுக்கு என்ன தெரியும்?

சாஸ்தா எங்கள் குலதெய்வம். அன்றே மண்டல விரதம் எடுத்தேன். "இவன் உயிரை எனக்குக் கொடு" என்று கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் விரதம் என்றால் மேஜரும் விரதம், அவனுக்காகத்தானே எடுத்தேன்? நெற்றியில் விபூதி வைத்தேன். எப்போதும் அவனுக்குத் தயிர்சாதம்தான், இப்போது அதுவும் ஒரே வேளை. ஏகாதசியன்று எனக்குத் தண்ணீர், அவனுக்கு அரை வாழைப்பழம். சமர்த்தாகச் சாப்பிட்டான். பகவானே அவனுக்குப் புத்தி கொடுத்திருக்கிறார் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

கல்லூரியில் ஆபரேஷன் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அனுப்புவதற்கு முன்னால் வர்கீஸ் டாக்டர் மறுபடி பார்த்தார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருக்கு. இதுக்கு என்ன ஆகாரம் கொடுக்கறது?"

"தயிர்சாதம், டாக்டர். இப்போ மண்டல விரதமாக்கும். ஒரு நேரம்தான். ஏகாதசிக்கு என்கூட அவனும் பட்டினி."

டாக்டர் என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். பிறகு மேஜரைப் பார்த்தார்.

"நாயும் மாலை போட்டிருக்கோ?" என்றார். குரலில் சிரிப்பு இல்லை. "அம்மா, இந்த நிலையில மயக்க மருந்து கொடுத்தா பின்னே எழுந்திருக்காது. ஈரல் வேணும், முட்டை வேணும், எலும்பு வேக வெச்ச தண்ணி வேணும். மூணு வாரம் கொடுங்கோ. அல்லாட்டா கொண்டுபோகவே வேண்டாம்."

வீட்டுக்கு வந்து பூஜை அறையில் விழுந்து அழுதேன். விரதத்தை முறித்தால் வேண்டுதல் போச்சு. முறிக்காவிட்டால் நாய் போச்சு. சாமியிடம் கோபமாகவே கேட்டேன். "உன்னை நம்பித்தானே இருந்தேன்? இப்போது என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய், பார்!" என்றேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

இவர் காபி டம்ளரோடு நிலைப்படியில் வந்து நின்றார். இவர் பக்தி விஷயத்தில் வாயைத் திறக்கிறவர் இல்லை. அன்றைக்குத் திறந்தார்.

"சாரதே, சாஸ்தா வேட்டைக்குப் போறவராக்கும். அவரோட நாய் என்ன, தயிர்சாதம் சாப்டுண்டா புலியைத் துரத்தித்து?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு சிரிப்பு. சிரித்துக்கொண்டே தலையைத் தூக்கினேன். எதிரே படம். குதிரைமேல் வேட்டைக்குப் போகும் சாஸ்தா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினம் பூ வைக்கிற படம். குதிரையின் காலடியில் இரண்டு நாய்கள் ஓடுகின்றன. வாய் திறந்து, நாக்கு சிவந்து, கொழுத்த நாய்கள். இத்தனை வருஷம் நான் சாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கீழே பார்த்ததே இல்லை. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான் கேட்டது சாஸ்தாவிடம். பதில் வந்தது காபி டம்ளரோடு நின்ற இவர் வாயிலிருந்து.

சரி, விரதம் எனக்கு, ஈரல் மேஜருக்கு என்று முடிவாயிற்று. ஆனால் யார் வாங்குவது, யார் வேகவைப்பது? எனக்கு முட்டையைக் கண்டாலே குமட்டும். கொச்சங்காடியில் எங்கள் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் ராவுத்தர் வீடு. ஆயிஷும்மா கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவளிடம் மழை, வெயில், தண்ணீர் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. மதிலோரம் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"மாமீ, நான் நாயைத் தொட மாட்டேன். எங்களுக்கு அது ஆகாது. நீங்க எறைச்சியைத் தொட மாட்டீங்க, உங்களுக்கு அது ஆகாது. நான் வேக வெச்சு மதில் மேல வெக்கறேன். நீங்க எடுத்துக் கொடுங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல படைச்சவன் பாத்துக்குவான்."

அப்படியே நடந்தது. தினம் காலையில் மதில் மேல் மூடி போட்ட மண்சட்டி இருக்கும். நான் மூக்கைத் தலைப்பால் கட்டிக்கொண்டு நீளக் கரண்டியால் மேஜர் தட்டில் ஊற்றுவேன். முதல் நாள் ஊற்றிவிட்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். மேஜர் தட்டைக் காலி செய்துவிட்டு, தட்டு நகர்ந்து நகர்ந்து வாசல்வரை போகிற அளவுக்கு நக்கினான். பிறகு என்னைப் பார்த்தான். மூன்று வருஷமாக இதை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று கேட்கிற பார்வை. ஊட்டிவிட்டுக் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு விளக்கேற்றுவேன். தெருவில் வம்பு பேசினார்கள். "சாரதா, உங்காத்துப் பக்கம் என்னவோ வாசனை வரதே?" என்று ஒரு மாமி கேட்டாள். "பிரசாதம்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஈறு செம்பருத்தி மாதிரி சிவந்தது. ஹார்பர் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். கார்டு வண்டியில் நாய்ப் பெட்டிக்குள் மேஜர். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இவர் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

கல்லூரியில் ஒரு புரொபசர். தலை நரைத்தவர், நெற்றியில் ஒன்றும் கிடையாது, சாமி நம்பிக்கை இல்லாதவர் என்று பிறகு அவரே சொன்னார். மேஜரை உள்ளே கொண்டுபோனார்கள். சுற்றி மாணவர்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து நாமம் சொன்னேன். சொல்லச் சொல்ல நாக்கு உலர்ந்தது. வெயில் வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று. அப்புறம்தான் கதவு திறந்தது.

"பிழைச்சிருக்கான்" என்றார் புரொபசர். "ஆனா நான் பொய் சொல்லக் கூடாது. கட்டியை எடுத்தாச்சு. வேர் முழுக்க எடுத்தேன்னு சொல்ல முடியாது. இந்த ஜாதி நாய்களுக்கு இது திரும்ப வரதுதான் வழக்கம். ஆறு மாசம். மிஞ்சினா ஒரு வருஷம்."

பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார். மேஜையில் ஒரு பூதக்கண்ணாடிக் குழாய். "பாக்கறேளா? உங்க நாயோட வியாதி" என்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன்.

நான் ஏதோ அழுகலைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தேன். அங்கே ஊதா நிறத்தில் பொடிப் பொடியாக, ஆயிரம் ஆயிரமாக ஜொலித்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னும் சின்னதாகப் புள்ளிகள். அழகாக இருந்தது. என் குழந்தையைத் தின்ன வந்தது அழகாக இருந்தது!

"இது ஏன் இப்படிப் பெருகறது?" என்று கேட்டேன்.

"தெரியலை அம்மா. அதைத் தெரிஞ்சுக்கத்தான் தினம் இதுக்குள்ளே குனிஞ்சு பாத்துண்டிருக்கேன். இன்னிக்கு நாய்க்குத் தெரிஞ்சா நாளைக்கு மனுஷனுக்கும் உதவும்."

அவர் குனிந்து பார்த்த விதம் நான் விளக்கின் முன்னால் குனிகிற மாதிரியே இருந்தது. இந்த மனுஷருக்கு நம்பிக்கை இல்லை என்று யார் சொல்வது? அந்தக் குழாய்க்குள் தெரிந்ததையும் சேர்த்துத்தான் என் சாஸ்தா படைத்திருக்கிறான். அவனை நான் எவ்வளவு சின்னவனாக நினைத்திருந்தேன்! அவ்வளவு பயமும் அவ்வளவு ஆச்சரியமும் ஒன்றாக என் வாழ்நாளில் அதற்கு முன்னால் வந்ததில்லை. கையைக் கூப்பினேன். யாரைப் பார்த்துக் கூப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆறு மாதம் ஆயிற்று. அழைத்துப் போனோம். கட்டி இல்லை. ஒரு வருஷம் ஆயிற்று. இல்லை. இரண்டாவது வருஷம் புரொபசர் மாணவர்களையெல்லாம் கூப்பிட்டு மேஜரின் தொடையைத் தடவச் சொன்னார். மேஜருக்கு ஏக குஷி. அப்போதுதான் அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "இவன் காலம் முடியும்போது எங்ககிட்டே கொடுப்பேளா? அது ஏன் திரும்ப வரலைன்னு உள்ளே பாக்கணும்."

எனக்கு வந்த கோபத்தில் அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து வந்துவிட்டேன். எதிரில் வாலாட்டிக்கொண்டு நிற்கும் குழந்தையைப் பற்றிக் கேட்கிற கேள்வியா இது?

மேஜர் இருந்தான். வருஷாவருஷம் சாஸ்தா ப்ரீதிப் பூஜைக்குப் பந்தலுக்கு வெளியே உட்கார்ந்து கொட்டுச் சத்தத்துக்குக் கூடவே ஊளையிட்டான். முகம் நரைத்தது. காது மந்தமாயிற்று. 1966-இல் வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்த ஒரு காலையில், சாப்பிட்டு முடித்துவிட்டு என் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்தான். பாதம் மரத்துப் போகிறதே என்று நகர்த்தினேன். அவன் எழுந்திருக்கவில்லை.

தென்னைமரத்தடியில் குழி வெட்ட ஆள் வந்துவிட்டான். மண்வெட்டியின் சத்தம் கேட்கிறது. நான் விளக்கின் முன்னால் போய் நின்றேன். இத்தனை வருஷம் வாங்கிக்கொண்டு மட்டும்தானே இருந்தேன் என்று தோன்றிற்று. இந்த வியாதி வந்த நாய்கள் எத்தனை, மனுஷர்கள் எத்தனை? வெளியே வந்து வெட்ட வேண்டாம் என்றேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய் இறால் கம்பெனியிலிருந்து ஐஸும் ஒரு ஜீப்பும் கொண்டுவந்தார். சந்தனம் இட்டு, ஐஸுக்கு நடுவில் படுக்கவைத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். ஆயிஷும்மா மழையில் நனைந்துகொண்டே வாசலில் நின்று அழுதாள்.

புரொபசருக்கு அப்போது உத்தியோகத்தில் கடைசி வருஷம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உள்ளே போனவர்கள் வர வெகுநேரம் ஆயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் பெஞ்சியில் உட்கார்ந்தார்.

"நெஞ்சு, ஈரல், எலும்பு, எல்லாம் பாத்தோம். அந்த வியாதியோட அடையாளமே எங்கேயும் இல்லை. நான் விட்டுட்டேன்னு நினைச்ச வேர்கூட இல்லை. எப்படின்னு எனக்குத் தெரியலை அம்மா."

"பின்னே எதனால போனான்?"

"வயசாயிடுத்து. அவ்வளவுதான்."

அந்த வராந்தாவில் நான் சத்தம்போட்டு அழுதேன். துக்கத்தில் அழவில்லை.

அன்றிலிருந்து என் பிரார்த்தனை மாறிவிட்டது. இப்படிக் கொடு, அந்த வழியாகக் கொடு என்று சாஸ்தாவுக்கு நான் சொல்லித்தருவதில்லை. சீக்கு நாயைத் தூக்கிக்கொண்டு யாராவது என் வாசலுக்கு வந்தால் விபூதியும் கொடுக்கிறேன், வர்கீஸ் டாக்டர் வீட்டுக்கு வழியும் சொல்கிறேன். நீங்களும் வெட்கப்படாமல் கேளுங்கள். எவ்வளவு அற்பமான ஜீவனுக்காக வேண்டுமானாலும் கேளுங்கள். பதில் டாக்டர் வாயிலிருந்து வரலாம், அடுத்த வீட்டு மதில் மேல் வரலாம், தட்டிவிடாதீர்கள். நான் கேட்டது உயிர் மட்டும். சாஸ்தா என் குழந்தைக்குக் கிழவனாகிச் சாகிற ஆயுசையே கொடுத்தான்.