நாற்பத்தொன்றாம் நம்பர் கொக்கி

சுரங்கத்தில் அவனுடைய வேலை கூரையோடு பேசுவது. இப்படிச் சொன்னால் ஏதோ சித்தர் வேலை போலத் தோன்றும். தோன்றட்டும் என்றுதான் அவனும் அப்படிச் சொல்வான். உண்மையில் நீளமான இரும்புக் கம்பியால் பாறைக் கூரையைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பான். கணீரென்றால் பாறை கெட்டி. தொப்பென்று மந்தமாக ஒலித்தால், அந்தப் பாறைக்கும் மலைக்கும் மனஸ்தாபம் என்று அர்த்தம். அங்கே சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, அடியில் நிற்காமல் வந்துவிட வேண்டும். அது போக, கல் மாதிரிகளைப் பையில் கட்டி நம்பர் எழுதுவது, கேபிள் இழுப்பது, பொறியாளர் எங்கேயாவது கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கொடுப்பது. அடையாள அட்டையில் 'சுரங்க உதவியாளர்' என்றிருந்தது. சொந்தக்காரர்களிடம் முன்பாதியை மட்டும் சொல்வான். மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொண்டு அவனை எஞ்சினியர் ஆக்கிவிட்டார்கள். அவர்கள் மனம் நோகக் கூடாதே என்று ஆறு வருஷமாக அவனும் மறுக்கவில்லை.

கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் பல்லி. எப்போதும் கூரையைப் பார்த்தபடி நடப்பான், சின்னச் சத்தம் கேட்டாலும் சுவரோடு ஒட்டிக்கொள்வான். பூமிக்கு மேலே வந்தாலும் அந்தப் பயம் விடாது. முடிவெட்டும் கடையில் நாற்காலியைத் தேர்ந்தெடுப்பதே மேலே விரிசல் இருக்கிறதா என்று பார்த்துத்தான். ஒருமுறை வீட்டுப் படுக்கையறைக் கூரையைத் துடைப்பக் கட்டையால் தட்டிப் பார்த்ததில், மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டினார்.

அறிவிப்பு ஒரு திங்கட்கிழமை வந்தது. கூரையைப் படம் பிடித்து, தட்டியும் பார்த்து, தானே குறியும் போடும் இயந்திரம் ஒன்றை வாங்கியிருந்தார்கள். ஐந்து உதவியாளர்களில் இரண்டு பேர் மேலே கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அதை ஓட்டுவார்கள். மற்ற மூவருக்கு மாதக் கடைசியோடு வேலை போய்விடும். வெள்ளிக்கிழமை நேர்காணல். மற்றவர்களுக்கு அது வேலை மட்டும்தான். இவனுக்கு, பிழைக்க வந்த அந்த வெளிநாட்டில் தங்கும் அனுமதியே அந்த வேலையோடு முடிச்சுப் போட்டிருந்தது. வேலை போனால் அறுபது நாளில் மூட்டை கட்ட வேண்டும். மகளுக்குப் பள்ளியில் பாதி வருஷம்கூட முடியவில்லை.

அன்று சாயங்காலம் பார்த்து மச்சினன் போன் செய்தான்.

"மாமா, எங்க பாப்பா உங்க லைன்லயே படிக்கணும்னு அடம் பிடிக்கிறா. அதுக்கு எதிர்காலம் எப்படி?"

"எதிர்காலமா? மாப்ளே, மனுஷனுக்கு உலோகம் வேணாம்னு ஆகற வரைக்கும் இந்த வேலைக்குச் சாவே கிடையாது" என்று ஆரம்பித்தவன் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. பேட்டரி, செல்போன், காற்றாலை என்று உலகத்தையே தோண்டினான். போனை வைத்ததும், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவு எதிர்காலம் இருக்கறவரு ஏன் காலையிலேருந்து சாப்பிடல?"

அவள் கெட்டிக்காரி. தேம்பவும் இல்லை, தேற்றவும் இல்லை. அடுத்த மூன்று நாளும் சாப்பாட்டு மேஜைதான் நேர்காணல் அறை. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அவளே தலைவராக உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. மெஷின் வந்தா உங்க வேலை என்ன ஆகும்?"

"போயிடும்."

"அடக் கடவுளே! அதை நீங்களே சொல்லுவீங்களா? 'இயந்திரம் எனக்குப் போட்டி இல்லை, துணை'ன்னு சொல்லுங்க."

"அது பொய்யாச்சே."

"ஆறு வருஷமா எஞ்சினியரா இருந்தீங்களே, அப்ப எங்க போச்சு இந்த அரிச்சந்திரன் வேஷம்?"

வெள்ளிக்கிழமை காலை அவன் வழக்கம்போல இறங்கினான். ஏழாவது பாதையில் கூரை மோசமாக இருந்தது. நாலு இடத்தில் தொப்பென்றது. குறி போட்டு முடிப்பதற்குள் பெயிண்ட் தீர்ந்துபோனது, கடைசி இரண்டு இடத்துக்குக் குறியில்லை. மேலே போய் டப்பா வாங்கி வரலாம் என்று அவன் நினைத்தபோது மணி பன்னிரண்டரை. நேர்காணல் ஒன்றரைக்கு. அவ்வளவுதான், பெயிண்டும் மறந்து போச்சு, பாறையும் மறந்து போச்சு. அவனோடு ஜோடியாக வேலை பார்க்கும் இன்னொரு உதவியாளன் மௌனி பக்கத்துப் பாதையில் இருந்தான். மௌனி என்பது கேலிப் பெயர், தூக்கத்தில்கூட வாய் ஓயாதவன். அவனிடமும் சொல்லாமல், மனதுக்குள் 'போட்டி இல்லை, துணை' என்று முணுமுணுத்தபடி லிப்டில் ஏறி மேலே வந்து, குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்குள் நுழைந்தான்.

அந்தச் சுரங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த ஒரு பித்தளை டோக்கன். இறங்கும்போது எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், ஏறியதும் பலகையில் அவரவர் கொக்கியில் தொங்கவிட வேண்டும். காலியான கொக்கி என்றால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று பொருள். இரண்டரை மணிக்கு வெடி வைப்பதற்கு முன்னால் எல்லோரும் ஏறிவிட வேண்டும், பலகையை எண்ணாமல் ஒரு திரிகூடப் பற்றாது.

நேர்காணல் அறையில் மூன்று பேர். நடுவில் பாதுகாப்பு அதிகாரி அம்மா. பதில்களை எல்லாம் அவன் நன்றாகவே சொன்னான், கரண்டிக்குப் பயந்தவன் ஆயிற்றே.

"ஒரு சுரங்க உதவியாளருக்கு மிக முக்கியமான பழக்கம் எது?" என்று அவர் கேட்டார்.

இது மனப்பாடத்தில் இல்லாத கேள்வி. ஆனால் அவனுக்கே வியப்பாகப் பதில் ஊற்றெடுத்தது. "டோக்கன்தாங்க மேடம். கூரை பொய் சொல்லலாம், டோக்கன் பொய் சொல்லாது. ஒருத்தன் தன் டோக்கனை மறந்தா, அவன் தன்னை மட்டும் மறக்கல, கூட இருக்கற அத்தனை பேரையும் மறக்கறான்."

மூவரும் எழுதிக்கொண்டார்கள். தன் பேச்சில் தானே மயங்கி அவன் நெஞ்சை நிமிர்த்தினான். சட்டைக்குள் ஏதோ சில்லென்று உறுத்தியது.

அப்போதுதான் சங்கு ஊதியது.

வாசலில் ஒரு தலை நீட்டிச் சொன்னது: "பலகையில ஒரு கொக்கி காலி. நாற்பத்தொண்ணு. வெடியை நிறுத்திட்டோம். அவனோட ஜோடியும் இன்னும் ரெண்டு பேரும் தேடப் போறாங்க, ஏழாவது பாதைக்கு."

அதிகாரிகள் எழுந்து ஓடினார்கள். அவனும் பின்னால் ஓடினான். பலகை பத்தடி தூரத்தில் இருந்தது. காவலாளும் லிப்ட் பக்கம் போய்விட்டான், ஒருவரும் பார்க்கவில்லை. டோக்கனைக் கழற்றிக் கொக்கியில் மாட்ட ஒரு நொடி போதும். 'அட, இங்கதானே தொங்குது, எண்ணத் தெரியாத பசங்க' என்று யாராவது சிரிப்பார்கள், திங்கட்கிழமை கட்டுப்பாட்டு அறையில் சுழல் நாற்காலி. டோக்கனோடு கை கொக்கி வரைக்கும் போயேவிட்டது.

ஏழாவது பாதை. குறி போடாத இரண்டு இடங்கள். மௌனி கத்திக்கொண்டே ஓடுவான், மேலே பார்க்க மாட்டான்.

பலகைக்குப் பக்கத்தில் கீழே பேசும் தொலைபேசி இருந்தது. எடுத்தான்.

"ஏழாவது பாதைக்குள்ள யாரும் போகாதீங்க! கூரை ரெண்டு இடத்துல விட்டிருக்கு. நாற்பத்தொண்ணு நான்தான். மேல இருக்கேன்."

கீழே ஒரு நொடி மௌனம். வாழ்நாளில் முதல்முறையாக மௌனிக்கு அந்தப் பெயர் பொருந்தியது.

"பல்லி? எங்க இருந்துடா பேசற?"

"நேர்காணல்லேருந்து."

அதற்கு அடுத்து வந்தவற்றை எழுத முடியாது. சத்தம் கேட்டுத் திரும்பி வந்து பக்கத்தில் நின்ற பாதுகாப்பு அதிகாரி அம்மாவே காதைப் பொத்திக்கொண்டார். பிறகு அவன் கையிலிருந்த டோக்கனை வாங்கிப் பார்த்தார். "கொஞ்சம் முன்னாடி பிரமாதமா ஒண்ணு சொன்னீங்களே, அதை இன்னொரு தரம் சொல்லுங்க, விசாரணைக் குறிப்புல சேர்க்கணும்" என்றார். அவன் சொன்னான். இரண்டாம் முறை அது அவ்வளவு நன்றாக இல்லை.

நாற்காலிகள் வேறு இரண்டு பேருக்குப் போயின. மௌனிக்கும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை மற்ற மூவருக்கும் கவர் வந்தது. மூன்று கவரில் இரண்டில் வேலை நீக்கம். அவனுடையதில் மட்டும் வேறு தாள். அதைப் பணியாளர் அதிகாரி அலுத்துக்கொண்டே விளக்கினார்: விசாரணை நிலுவையில் இருக்கும் ஆளை, முடிவு தெரியும் வரை வேலையிலிருந்து அனுப்பக் கூடாது. தப்பு செய்தவன் நழுவிவிடாமல் இருக்க எப்போதோ எழுதிய விதி. அதுவரை கீழே இறங்கத் தடை, மேலே கல் மாதிரிக் கிடங்கில் பைகளை அடுக்கலாம். பதினைந்து நாளில் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், தேவையானால் அவகாசம் கேட்கலாம்.

மௌனி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "ஒழுங்கா டோக்கன் மாட்டின எனக்கு வீட்டுக்கு வழி, மறந்த உனக்கு வேலை. பல்லி, இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?" கோபம் போகவில்லை. ஆனாலும் கிளம்பும்போது, "அந்த ரெண்டு எடத்துலயும் பாறை இறங்கிடுச்சாம், நேத்து" என்றான். சொல்லிவிட்டு நிற்கவில்லை.

மதியம் வீட்டில் அவன் சொல்லி முடித்தபோது மனைவி சிரிப்பாளென்று நினைத்தான். அவள் மகளின் பள்ளி நாட்காட்டியை எடுத்து வந்து விரலால் வாரங்களை எண்ணினாள்.

"அந்த மெஷின் ஓட்ட வெளியில கத்துத் தராங்களா?"

"சாயங்கால வகுப்பு இருக்கு. நாலு மாசம். எனக்கு வருமான்னு தெரியல."

"வருமா வராதான்னு தட்டிப் பார்த்தாதானே தெரியும். இப்ப பேனாவை எடுங்க."

அவன் எழுதினான்: 'மரியாதைக்குரிய ஐயா, என் தவறை முழுமையாக உணர்ந்து விளக்கம் எழுத எனக்கு மேலும் முப்பது நாள் அவகாசம் தேவைப்படுகிறது.'

தோளுக்கு மேலாக எட்டிப் படித்தவள், "அறுபதுன்னு போடுங்க" என்றாள். "செஞ்சது என்ன சின்னத் தப்பா?"