நாலு சக்கரத்துக்கும் சாட்சி சொன்னவள்

எல்லாக் காருக்கும் நாலு சக்கரம்தானே, அதில் என்ன பெருமை என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"சக்கரம் எல்லாத்துலயும் நாலுதாங்க. ஆனா என்ஜின் ரெண்டைத்தான் இழுக்கும். மத்த ரெண்டும் சும்மா கூட வரும், சாப்பாட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க மாதிரி. நம்ம வண்டியில நாலும் வேலை செய்யும். சேறு, சரிவு, மழை, எதுவா இருந்தாலும் ஏறிடும்."

இதை அவள் சொல்லிச் சொல்லியே அந்த மேட்டுத் தெருவில் அவளுக்கு நாலுசக்கர அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. பெருமையென்றே சொல்லலாம்.

தொழில், ஜன்னல் திரை தைப்பது. வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, துணி காட்டி, தைத்து, தானே ஏணி போட்டு மாட்டிக் கொடுத்துவிட்டு வருவாள். காரின் பின்னிருக்கையில் பாதியை மடக்கி வைத்திருப்பாள். அங்கே துணிச் சுருள்கள், துளை போடும் மெஷின், மடக்கு ஏணி. திரை மாட்டுகிற நீளக் கம்பிகள் பின்கண்ணாடியில் தொடங்கி முன்னால் அவள் தோளுக்குப் பக்கத்தில் வந்து முடியும். மிச்ச இடத்தில் இரண்டு பிள்ளைகள், புத்தகப் பையோடு. பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. பள்ளிக்கூடம் விட்டதும் அவர்களை ஏற்றிக்கொண்டு, வழியில் மருந்துக்கடையில் வேலை முடிந்து நிற்கும் கணவரையும் ஏற்றிக்கொண்டு வீடு வருவாள்.

வீடு மேட்டின் உச்சியில் இருந்தது. ஏறிப் போகிற தெரு களிமண். அதன்மேல் பேருக்குக் கொஞ்சம் சரளைக்கல். நடுவில் ஒரு வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் இடுப்பளவுச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, பள்ளம்தான். "இவ்வளவு செங்குத்தா இருக்கே, மழையில எப்படி?" என்று வீடு வாங்கும்போது கணவர் தயங்கினார். அப்போதுதான் அவள் தம்பி இந்தக் காரைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினான்.

தம்பி அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட, அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டுத்தான் அவள் தன் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். இப்போது அவன் கார் உதிரிபாகக் கடை ஒன்றில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிற அளவுக்கு வளர்ந்திருந்தான். ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது, டயர் மாற்றுவது எல்லாம் அவன் பொறுப்பு. சாவியை அவன் கையில் கொடுத்தால் வண்டி குளித்துத் துவட்டியதுபோல் திரும்பி வரும். எதை மாற்றினான் என்று அவள் கேட்டதே கிடையாது. சொந்தத் தம்பியிடம் போய் ரசீது கேட்பாளா?

அந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கென்றே போனில் ஒரு குழு இருந்தது. அதில் தினமும் யாராவது புலம்புவார்கள். ஒருவருக்குக் கூரை ஒழுகும். ஒருவருக்குப் பின்கதவு திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. பெட்ரோலைத் தண்ணீர் மாதிரிக் குடிக்கிறது என்று ஒரு பல் டாக்டர் வாராவாரம் அழுவார். அத்தனை பேருக்கும் அவள் வண்டியின் சார்பில் வாதாடுவாள். "எங்க தெருவைப் பார்த்தால் இப்படிப் பேசமாட்டீர்கள்" என்று மழையில் ஏறுகிற படம் எடுத்துப் போடுவாள். அவள் பேச்சை நம்பி ஒரு டீச்சரம்மா கையிலிருந்த நல்ல காரை விற்றுவிட்டு இதை வாங்கினார். மழை நாளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் அவள்தான் மேலே ஏற்றி வருவாள். மற்ற வண்டிகள் அடிவாரத்தில், தேநீர்க் கடை ஓரத்தில் நனைந்துகொண்டு நிற்கும்.

அந்த வருஷ மழைக்கு முன்னால் தெருவில் புது வீடு ஒன்று எழும்பத் தொடங்கியது. மண் லாரிகள் போய் வந்து, இருந்த சரளையையும் களிமண்ணுக்குள் புதைத்துவிட்டன. ஒரு மத்தியானம் நல்ல மழை. கணவருக்கு அன்றைக்கு வேலை நேரம் கூடுதல். நல்லவேளையாக அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் அன்று இல்லை. தன் பிள்ளைகளோடு மட்டும் அவள் ஏறினாள்.

வளைவைத் தாண்டியதும் முன்சக்கரம் வழுக்கிச் சுற்றியது. வேறு வண்டியாக இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பாள். இது நாலும் இழுக்கிற வண்டியாயிற்றே. முன்னது வழுக்கினால் பின்னது பிடிக்கும். அதற்குத்தானே இந்த வண்டி! காலை எடுக்காமல் மிதித்தாள். பிடிக்கும், இதோ பிடிக்கும் என்று காத்திருந்தாள். பிடிக்கவில்லை. வண்டி மெல்லப் பின்னால் போக ஆரம்பித்தது. பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பக்கவாட்டில் திரும்பிச் சறுக்கிக்கொண்டே போய் வளைவுச் சுவரில் மோதி நின்றது. சுவரின் மேல்வரிசைக் கல் இரண்டு பெயர்ந்து பள்ளத்தில் விழுந்தது. விழுந்த சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டது.

பெரியவளின் தாடை முன்னிருக்கையில் இடித்துக் கிழிந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. சின்னவன் அழவில்லை. அவனைத்தான் அவள் முதலில் தலையிலும் முதுகிலும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

தாடையில் தையல் போட்டு முடித்து ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே தம்பிக்குப் போன் செய்தாள். "அக்கா, பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று பதறினான். அடுத்த மூச்சில், "வண்டியை யாருகிட்டயும் குடுத்துடாத. நான் வந்து எடுத்துக்கறேன்" என்றான். பாசக்காரத் தம்பி என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் இழுவை வண்டிக்காரன் அதற்குள் காரை அடிவாரத்துப் பட்டறையில் இறக்கிவிட்டுப் போயிருந்தான்.

மறுநாள் பட்டறைக்குப் போனாள். காரைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். மெக்கானிக் துணியில் கை துடைத்துக்கொண்டே வந்தார்.

"பின்னாடி அடி பெருசா இல்லக்கா. தட்டி எடுத்துடலாம். ஆனா ஒரு சந்தேகம். இது நாலு சக்கரமும் இழுக்கற வண்டின்னு எழுதியிருக்கே?"

"எழுதியிருக்கு என்ன? இழுக்கும்," என்றாள் அவள், குழுவில் பேசுகிற அதே குரலில்.

"கொஞ்சம் உள்ள வாங்க." டார்ச்சை அடித்துக் காட்டினார். "இங்கேருந்து அதோ பின்சக்கரம் வரைக்கும் ஒரு நீள இரும்பு ஷாஃப்ட் போகணும். என்ஜின் சுத்தறதைப் பின்னாடி கொண்டுபோறது அதுதான். எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்."

அவள் பார்த்தாள். வண்டியின் அடிவயிற்றில் நீளமாக ஒரு காலி இடம்.

"சறுக்கினதுல விழுந்திருக்குமா?"

"விழறதா? கழட்டியிருக்காங்க. இந்த ஓட்டைக்கு மூடி போட்டு எவ்வளவு அழகா அடைச்சிருக்காங்க, பாருங்க. போல்ட்டுல துரு பிடிச்சே ரெண்டு மூணு வருஷம் இருக்கும். ஷாஃப்ட் இல்லன்னா ஓட்டறவங்க கண்ணுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை விளக்கு எரியும். அதோட ஒயரையும் பிடுங்கி விட்டிருக்காங்க." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்று சொன்னார். "இத்தனை நாள் அந்த மேட்டுல ஏத்தினது வண்டி இல்லக்கா. உங்க கைதான்."

அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு மழையிலும் ஏற்றிவந்த பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அடுத்த வீட்டுக் கைக்குழந்தையைக்கூட ஒருமுறை ஏற்றி வந்திருக்கிறாள். வண்டி மோசம் செய்திருந்தால் இரும்பென்று விட்டுவிடலாம். இதில் ஒரு கை வேலை செய்திருக்கிறது. இந்த வண்டியின் அடியில் கை வைத்தது உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான்.

உதிரிபாகக் கடையில் தம்பி அவளைப் பார்த்ததுமே எழுந்து நின்றான். கேட்காமலே கதை வந்தது. கல்யாணமான புதிதில் மனைவியோடு ஊர் சுற்ற அவளிடம் இந்தக் காரைத்தான் கேட்டு வாங்கிப் போயிருந்தான். வழியில் முன்டயர் இரண்டும் போயிற்று. இரண்டு மட்டும் புதிது போட்டான். பின்னால் தேய்ந்ததையே விட்டுவிட்டான்.

"நாலையும் ஒண்ணா மாத்தணும்னு நான் உனக்குப் படிச்சுப் படிச்சு சொன்னேனேடா. குழுவுல அத்தனை பேரும் சொல்லுவாங்களே!"

"டயர் விக்கறதுக்காகச் சொல்றாங்கன்னு நினைச்சேன்க்கா. முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவு. ஓட ஓட நடுவுல இருக்கற இணைப்பு சூடாகி உடைஞ்சுடுச்சு. புதுசு கிடைக்கல. கிடைச்சதும் மாட்டிடலாம்னு ஷாஃப்டைக் கழட்டி வச்சேன். அப்புறம் நாள் ஓடிப்போச்சு. நீயும் ஒண்ணும் சொல்லல, நல்லா ஏறுதுன்னுதானே சொல்லிட்டிருந்த."

"நான் உன்னை நம்பி ஏறினேன்டா."

அவன் தலை குனிந்தான். குனிந்த தலையோடு, பாரத்தைப் பாதி இறக்கி வைக்கிறவன்போல ஒன்று சொன்னான். "மாமாவுக்கும் தெரியும்க்கா."

அதுவரைக்கும் அவளுக்கு இருந்தது கோபம். கோபத்துக்கு ஒரு சூடு உண்டு, ஒரு பலம் உண்டு. அந்த ஒரு சொல்லில் அதுவும் போய்விட்டது.

அவள் கணவர் எப்படிப்பட்ட மனிதர் என்று தெரிந்தால்தான் இது எப்படி வலித்திருக்கும் என்று புரியும். மருந்துக்கடையில் ஒரு தலைவலி மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம்கூட, வெறும் வயிற்றில் போடாதீர்கள், தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள் என்று அட்டையைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அனுப்புகிறவர். கேட்டவர் போதும் போதும் என்று ஓடினாலும் வாசல்வரை வந்து சொல்லுவார்.

சாயந்திரம் அவர் வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை வாசலில் நிறுத்திக் கேட்டாள். மறுக்கவில்லை.

"தம்பி வந்து காலைப் பிடிக்காத குறையா அழுதான். உனக்குத் தெரிஞ்சா நீ அவன்கூடப் பேச்சையே நிறுத்திடுவ. வீட்டுல சண்டை வேண்டாம்னுதான் விட்டேன். ஒரு மாசத்துல மாட்டிடறேன்னான்."

"மாட்டினானான்னு ஒரு தடவை கேட்டீங்களா?"

"கேட்டேன். முதல்ல ரெண்டு தடவை கேட்டேன்."

"சரி, விடுங்க. என்கிட்டயாவது மழையில ஏத்தாதன்னு ஒரு வார்த்தை?"

"சொன்னா ஏன்னு கேப்ப. எனக்கும் பயமாத்தான் இருந்தது. அதான் மழைன்னா நான் கீழயே இறங்கி..."

அங்கே நிறுத்திவிட்டார். ஆனால் வாயிலிருந்து வந்தது வந்ததுதான்.

மழை நாளில் அவர் தேநீர்க் கடைப் பக்கம் இறங்கிக்கொள்வார். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார், நீங்க போங்க" என்று குடையை விரித்துக்கொண்டு நடந்து வருவார். எவ்வளவு ஒழுங்கான மனிதர், மழையில்கூட நடையை விடுவதில்லை என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லிப் பூரித்திருக்கிறாள். இவர் திட்டம் போட்டுச் செய்தார் என்று சொல்ல முடியாது. அந்த அளவுக்குக் கெட்டவரும் இல்லை. மனசு தெரியாத மாதிரி இருந்தது, கால் மட்டும் இறங்கிக்கொண்டது. பிள்ளைகள் உள்ளேதான் இருந்தார்கள்.

அவள் கத்தவில்லை. குழுவில் ஒரு செய்தி மட்டும் போட்டாள். "இத்தனை நாள் நான் சொன்ன அனுபவம் எதையும் நம்பவேண்டாம். என் வண்டியில் பின்சக்கரம் இழுக்கவே இல்லை. வண்டி மேல் குற்றமில்லை. எல்லாரும் ஒருமுறை அடியில் குனிந்து பாருங்கள்." பல் டாக்டர்கூட அதற்குக் கிண்டல் செய்யவில்லை. டீச்சரம்மா போன் செய்து, தன் வண்டியில் ஷாஃப்ட் இருக்கிறது என்று ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார்.

தம்பி நாலைந்து முறை வந்து வாசலில் நின்றான். அவள் பாட்டுக்குத் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

புது ஷாஃப்ட் வர நாளாகும் என்றார் மெக்கானிக். மழையில் மட்டும் மேட்டில் ஏற்றவேண்டாம் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். அடுத்த வாரம் ஒரு நாள் பிள்ளைகளையும் கணவரையும் ஏற்றிக்கொண்டு அவள் அடிவாரத்துக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தேநீர்க் கடைப் பக்கம் நிறுத்தினாள். வழக்கப்படி அவர் கை கதவுக்குப் போனது.

"இருங்க," என்றாள். பிள்ளைகளை இறக்கினாள். சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சாவியை ஓட்டுகிற இருக்கையில் வைத்தாள். "இன்னைக்கு நீங்க ஓட்டிட்டு வாங்க. நாங்க நடந்து போறோம்."

அவர் இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். கண்ணாடி வழியே மேட்டைப் பார்த்தார். வைப்பர் இரண்டு முறை போய் வந்தது. அவ்வளவுதான். அணைத்துவிட்டு இறங்கினார்.

"வேண்டாம்மா. ஆபத்து. வண்டி இங்கயே நிக்கட்டும்."

"நாங்க மூணு பேரும் உள்ள இருந்தப்ப இந்த வார்த்தை உங்க வாயில வரலையே."

அவர் குடையை நீட்டினார். அவள் வாங்கவில்லை. பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினாள். களிமண் செருப்பைப் பிடித்து இழுத்தது. தாடையில் கட்டோடு பெரியவள் கூடவே ஏறி வந்தாள். வளைவு வந்ததும் கேட்டாள்.

"அப்பா ஏம்மா ஓட்டல? பயமா?"

"ஆமா."

"அப்ப நாம மட்டும் எப்பவும் எப்படிப் பயப்படாம ஏறினோம்?"

"நமக்கு யாரும் சொல்லலடி," என்றாள் அவள்.