வரும்போது மூன்று பேர்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேரையாவது அக்கா ஏதோ ஒரு தேசத்துக்கு அனுப்பி வைத்திருப்பார். குறைந்த விலைக்கு. மழை மாதத்தில், வாரத்தின் நடுவில், வழியில் ஓர் ஊரில் இறங்கி ஏறி. அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. ஊரையெல்லாம் அனுப்பி வைத்தவரை அனுப்பி வைத்துவிட்டு, தம்பி நான் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பெங்களூர் ஒக்கலிபுரத்தில், ரயில் போனால் தூளி தானாக ஆடும் ஒரு வீட்டில். அப்பா கல் உடைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். நாங்கள் பள்ளியில் படிக்கும்போது மலேசியாவில் ஈப்போ பக்கம் ஒரு குவாரிக்கு வேலைக்குப் போனார். போவதற்கு மட்டும் டிக்கெட். 1991-இல் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. காய்ச்சலில் இறந்துவிட்டார், இங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று.

அக்கா அதை மூன்று தரம் வாசித்துக் காட்டினார். அம்மா கேட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனார். அழவில்லை. பொட்டை அழிக்கவில்லை. பெரியவர்கள் வற்புறுத்தியபோது, "நான் பாத்தேனா? எவனோ எழுதின காயிதத்துக்கெல்லாம் என்னால அழ முடியாது" என்றார்.

அம்மாவை அழ வைக்க வேண்டும். அக்காவின் வாழ்க்கையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அந்த வருடமே கண்டோன்மென்ட் பக்கம் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் சேர்ந்தார். தட்டச்சு செய்யச் சேர்ந்தவர், நான்கைந்து வருடத்தில் டிக்கெட் போடுவதில் தேர்ந்துவிட்டார். யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அன்னைக்கே போயாகணுமா, இல்ல என்னைக்காவது போனாப் போதுமா?" என்றைக்காவது போதும் என்பவருக்கு விலை பாதியாகும். பொம்மசந்திரா ஆலையில் வேலை பார்த்த ஒரு புது ஜோடி சிங்கப்பூர் என்று வந்தது. பினாங்கில் மழைக்காலத்தில் அறை வாடகை இறங்கும், கடலும் உண்டு என்று அங்கே அனுப்பினார். போன வருடம் அந்தப் பெண் வந்து அக்காவின் காலைத் தொட்டு அழுதாள்.

இன்னொன்றும் சொல்லி அனுப்புவார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரை எழுதிவிடுகிறோம். அதனால் வெளிநாட்டில் நம்மைக் கூப்பிட நினைப்பவர்கள் நம் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். ஹெப்பகோடிக்காரர் ஒருவர் இதில்தான் விமானத்தைத் தவறவிட்டார். செத்துப்போன தகப்பனின் பெயரை ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொல்ல, கை கால் ஓடாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாராம். அதிலிருந்து அக்கா எல்லோரிடமும் சொல்வார்: "மைக்ல உங்கப்பா பேரு வந்தா எழுந்து போயிடணும் சார். யோசிக்கக் கூடாது."

அத்தை ஒருமுறை எல்லோர் எதிரிலும் கேட்டார்: "ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் டிக்கெட் போடற. பெத்தவள மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு தாண்டிக் கூட்டிட்டுப் போனியாடி?"

"எங்களுக்கு என்னைக்காவது போனாப் போதும் அத்தை" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று அவர் சாப்பிடவில்லை.

கடிதம் வந்து பதினோரு வருடம் கழித்து அந்த என்றைக்காவது வந்தது. மலேசியாவுக்கு, கொழும்பில் மாறிப் போகிற ஒரு டிக்கெட், யாரும் போகாத மாதத்தில், நம்ப முடியாத விலைக்கு. அம்மாவிடம் சொன்னோம். அம்மா முருங்கைக்கீரையை ஆய்ந்தபடி கேட்டார்: "வரும்போது மூணு டிக்கெட் போட்டியா?"

"நாம ரெண்டு பேருதாம்மா. தம்பி வரல."

"போகும்போது ரெண்டு பேரு. வரும்போது மூணு. அவருதான் போறதுக்கு மட்டும் வாங்கிட்டுப் போனாரே. திரும்பி வர எதுல வருவாரு?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையை அழுத்தினார். மறுநாள் ஆறுமுகம் என்று அப்பா பெயரில், வருவதற்கு மட்டும் ஒரு டிக்கெட் போட்டுக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தார்.

ஈப்போவில் நடந்ததை அக்கா சொல்லித்தான் அறிவேன். அப்பாவுடன் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், சுண்ணாம்பு மலையின் அடியில் புல் மூடிய மேட்டைக் காட்டியிருக்கிறார். அம்மா அங்கும் அழவில்லை. குனிந்து, தூங்குகிறவரை எழுப்பும் குரலில், "கெளம்புங்க" என்றாராம். அவ்வளவுதான்.

திரும்பும்போது கோலாலம்பூரில் எல்லோரும் விமானம் ஏறிவிட்டார்கள். அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. "அவரு வரட்டும்" என்று உட்கார்ந்திருந்தார். அப்போது ஒலிபெருக்கியில், ஆறுமுகம், ஆறுமுகம் என்று இரண்டு தரம். அது தன்னைத்தான் என்று அக்காவுக்குத் தெரியும். அம்மா தன் பக்கத்து நாற்காலியைப் பார்த்து, "நம்மளத்தான்" என்று சொல்லி எழுந்து நடந்தார்.

பெங்களூர் விமான நிலையத்தில் நான் காத்திருந்தேன். நல்ல வெயில். இருவரும் வெளியே வந்தார்கள், நடுவே ஓர் ஆள் நடக்கும் இடம் விட்டு. டாக்சி டிரைவர் சாமான்களை ஏற்றிக்கொண்டே, "எஷ்டு ஜன அம்மா?" என்று எத்தனை பேர் என்பதைக் கன்னடத்தில் கேட்டார். "நாக்கு ஜன" என்றார் அம்மா. நாலு பேர். டிரைவர் எங்கள் மூவரையும் பார்த்தார். பின்கதவைத் திறந்த என்னிடம் அம்மா, "நீ முன்னாடி உக்காருடா, இங்க எடம் இல்ல" என்றார். வீடு வரும்வரை டிரைவர் கண்ணாடியைப் பார்க்காமலே ஓட்டினார்.

வாசலில் செருப்பைக் கழற்றியதும் அம்மா தன் கையாலேயே பொட்டை அழித்தார். "வந்துட்டாரு. இனிமே அழலாம்" என்றார். அழுதார். தெருவே கூடி நின்றது. பதினோரு வருடத்து அழுகை. அக்கா சுவரில் சாய்ந்து நின்று, பெரிய வேலை ஒன்று முடிந்தவர் போல மூச்சுவிட்டார்.

அதன்பின் அக்கா ஆறு வருடம் இருந்தார். சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் ஒன்று சொன்னார். அந்தக் காலத்து டிக்கெட் சிறு புத்தகம் மாதிரி. விமானத்துக்கு ஒரு தாள், கொழும்பில் மாறினால் இரண்டு; ஏற்றும்போது அதைக் கிழித்துக்கொள்வார்கள். போகாதவரின் புத்தகத்தில் தாள் அப்படியே இருக்கும்.

"அப்பா டிக்கெட்ட நான் கவுண்டர்ல குடுக்கவே இல்லடா. என் பையிலதான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து பாத்தா ரெண்டு தாளும் இல்ல."

"தவறிக் கிழிச்சிருப்பாங்கக்கா."

"பைக்குள்ள கைய வுட்டா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். இருமல் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி அட்டையிலும் குடும்பப் பெயர்தான் முன்னால். தினமும் நர்ஸ் வந்து ஆறுமுகம் என்று கூப்பிடுவார். அக்கா எனக்குக் கண் காட்டுவார். கடைசி நாள் காலை, உள்ளே இருந்து கதவைத் திறந்து நர்ஸ் கேட்டார்: "ஆறுமுகம் கூட வந்தவங்க யாரு?"

எனக்குப் புரிந்துவிட்டது. ஹெப்பகோடிக்காரரைப் போல உட்கார்ந்தே இருந்தேன். அம்மாதான் என் தோளைத் தொட்டார். "எழுந்துருடா. கூப்புடறாங்க இல்ல."

அக்காவுக்கு வாரம் தவறாமல் பழம் கொண்டுவந்த ஆபீஸ் நண்பர்களுக்கும், ரத்தம் கொடுத்த பொம்மசந்திரா தம்பதிக்கும், அந்த நர்ஸம்மாவுக்கும், மேட்டின் புல்லை இன்றும் வெட்டிவரும் ஈப்போ பெரியவருக்கும், தன் வார்த்தையை நினைத்து வருந்தி மூன்று மாதம் எங்களுக்குச் சமைத்துப் போட்ட அத்தைக்கும் எங்கள் வணக்கம். பெயர் தெரியாத அந்த டாக்சி டிரைவருக்கும்.

அக்காவின் மேசை இழுப்பறையில் அந்த டிக்கெட் கிடைத்தது. அட்டை மட்டும் இருக்கிறது. உள்ளே இரண்டு தாள்கள் கிழிந்த ஓரம், ஒழுங்காக, பழகிய கை கிழித்தது போல.

இன்றைய சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று சமையல்காரர் நேற்று கேட்டார். நான் எண்ணிச் சொன்னேன். உள்ளே இருந்து அம்மா திருத்தினார். "ரெண்டு கூட்டிச் சொல்லுடா."

கூட்டிச் சொல்லியிருக்கிறேன்.