வேனை விட்டு இறங்காத வாக்கியம்

கடந்த ஆண்டு மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன், மாத்தளை மாவட்டத்தில் யட்டவத்த பக்கம் நடந்தது இது.

தமிழ் இலக்கியம் படிக்கும் எனக்குச் சிங்களமும் வரும் என்பதால், அங்குள்ள ஒரு தோட்டத்தில் அடிக்கடி பரவும் மஞ்சள் காமாலையை ஆராய வந்த விரிவுரையாளர் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனேன். தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசைகளில் உள்ள எல்லோரும், மலைச்சரிவிலிருந்து பீலி வழியாக விழும் ஊற்று நீரைத்தான் குடிக்கிறார்கள். அந்தப் பீலிக்கு மேலே, அதே சரிவில், கழிப்பறைக் குழிகள் இருக்கின்றன.

ஆய்வு முடிந்ததும், அடுத்த ஆண்டின் வேலைகளைத் தீர்மானிக்கும் அதிகாரிகளின் கூட்டத்தில் பேச எங்களுக்கு இடம் கிடைத்தது. தோட்டத்துக்குக் குழாய் நீர் வருமா என்பது அன்று தெரிந்துவிடும். மூத்த மகள் காமாலையில் படுத்துத் தேறியிருந்த, அந்த லயனில் வாழும் ஓர் அக்காவையும் அழைத்துக்கொண்டோம். வேனில் போகும்போது விரிவுரையாளர் வெளியே பார்த்தபடி சிங்களத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “என் பிள்ளைக்கு இந்தத் தண்ணிய ஒரு வாய்கூடக் குடுக்க மாட்டேன்.”

விளக்கேற்றி, வரவேற்று, மாலையிட்டு முடியவே பாதி நேரம் போயிற்று. பிறகு திரையில் வரைபடங்கள், மாதிரி எடுத்த முறை, ஆய்வின் வரம்புகள். கடைசி வரிசையில் அக்காவின் அருகே அமர்ந்து, தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பீலியின் படம் வந்தது. “நம்ம பீலி படத்துல எம்புட்டு சுத்தமா இருக்கு பாருங்க” என்றார் அக்கா.

தலைமை வகித்த அதிகாரி நேராகவே கேட்டார், நோய் இந்த நீரால்தான் வருகிறதா என்று. எழுதிக்கொள்ளப் பேனையும் எடுத்திருந்தார். தொடர்பு காணப்படுகிறது, காரணம் என்று உறுதிப்படுத்த மேலும் ஆய்வு தேவை என்றார் விரிவுரையாளர். அவருடைய துறையில் அதுவே நேர்மை. அதிகாரி பேனையை மூடினார். ஆய்வு முழுமையானதும் வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, ஒரு பாதைக்குக் கொங்கிறீட் போடும் விடயத்துக்குப் போனார்.

வெளியே தேநீர் கொடுத்தார்கள். அக்கா குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

“அப்ப அந்தத் தண்ணிய குடிக்கலாமாங்க, கூடாதாங்க?”

கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னேன்.

“வெறகு நீங்க வெட்டித் தருவீங்களா தங்கச்சி?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

மழை வந்தது. ஒரு நாள் அக்காவிடமிருந்து அழைப்பும் வந்தது. “சின்னவளுக்கும் கண்ணு மஞ்சளாயிருச்சிங்க. ஆஸ்பத்திரியில இருக்கோம்.” என்னிடம் அவர் எதையும் கேட்கவில்லை.

அதே நாட்களில் விரிவுரையாளரின் கட்டுரை ஆய்விதழில் வெளியாகி, எனக்கும் ஒரு பிரதி வந்தது. முழுவதும் வாசித்தேன். ஒரு சொல்கூடப் பிழையில்லை. பீலியில் இன்னும் அதே தண்ணீர்தான் விழுகிறது.

துல்லியமான சொல்லைத் தேடுவதுதான் என் படிப்பு. ஆனால் அந்தக் கூட்டத்துக்குத் தேவைப்பட்ட மிகத் துல்லியமான வாக்கியம் எங்களோடு வேனை விட்டு இறங்கவேயில்லை என்பது, இன்றும் வீட்டில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருகிறது.