இரண்டாம் ஜாமீன்தாரர்

2024 ஜூலை 1: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி: மலைக்கோயில் கிருத்திகைக் கூட்டத்தில் ஒரு பயணியின் நகைப் பை காணாமல் போன வழக்கில், எங்கள் தெருமுனையின் ஆட்டோ ஓட்டுநர் கைது செய்யப்பட்டார்.

ஆகஸ்ட் 14, புதன்: அவருக்கு ஜாமீன் வழங்கப்பட்டது. நிபந்தனைகள்: உள்ளூரில் சொத்துள்ள இரு ஜாமீன்தாரர்கள், திங்கள்தோறும் காவல் நிலையத்தில் கையெழுத்து.

செப்டம்பர் 2, திங்கள்: இரண்டாம் ஜாமீன்தாரராக என் மனைவி கையொப்பமிட்டாள். அன்று மாலை அவர் வெளியே வந்தார்.

2025 ஜனவரி 17, வெள்ளி: என் மனைவி காலமானாள்.

ஆகஸ்ட் பதினான்குக்கும் செப்டம்பர் இரண்டுக்கும் இடையே பத்தொன்பது நாட்கள். ஜாமீன் கிடைத்த பிறகும் அவர் அத்தனை நாட்களையும் சிறையில் கழித்தார். அவருடைய உறவினர்களுக்கு வீடும் நிலமும் உண்டு. எல்லாம் நகரிப் பக்கம், ஆந்திர எல்லைக்குள். இந்தப் பக்கத்தில், கே.ஜி.கண்டிகையில் சொந்த வீடுள்ள சக ஓட்டுநர் ஒருவர் முதல் கையெழுத்தைப் போட்டார். இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் இல்லை.

நான் சட்டக் கல்லூரியில் அரசமைப்புச் சட்டம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஜாமீன்தான் விதி, சிறை விலக்கு என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்ற வற்புறுத்தலே பலரை உள்ளே வைத்திருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை, ஒரு காலை உணவின்போது மனைவிக்கு விளக்கினேன். ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் அமையாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும் சொன்னேன். அவள் இட்லித் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"அந்த ஒரு மாசம் நீங்க போய் இருப்பீங்களா உள்ள?"

"வெறும் அறிமுகத்துக்காக நான் ஜாமீன் நிற்பதில்லை."

"முழங்கால் போனதுக்கப்புறம் என்னை மலைக்குக் கூட்டிட்டுப் போய் இறக்கி விடறது யாரு? உங்க அரசமைப்புச் சட்டமா?"

"பையை அவரே எடுத்திருந்தால்?"

"எடுத்தாரா இல்லையான்னு சொல்லத்தான் கோர்ட்டு இருக்கு. அது சொல்ற வரைக்கும் அந்த மனுஷன் எங்க படுத்துக்கறதுன்னுதானே கேள்வி?"

வீடு அவள் பெயரில் இருந்தது. வரி ரசீதைப் பையில் வைத்துக்கொண்டு அவளே போனாள். நான் உடன் செல்லவில்லை. எழுதக் கடினமான வாக்கியம் இதுதான், எழுதிவிட்டேன்.

நீதிமன்றம் விதித்த நிபந்தனைகளோடு அவள் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள். காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நேரே எங்கள் வீட்டுக்கு வந்து முகத்தைக் காட்ட வேண்டும். "நான்தானே பொறுப்பு, ஆளை நான் பார்க்க வேணாமா?" என்றாள். ஒரு வாரமும் அவர் தவறவில்லை. வாசலில் நின்று, "வந்துட்டேன்மா" என்பார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆங், இளைக்கல. போ" என்பாள். அறையில் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு இருவரின் சிரிப்புச் சத்தமும் கேட்கும்.

அவள் மறைந்த நான்காம் நாள் திங்கட்கிழமை. பத்தரை மணிக்கு அவர் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை இருந்தது.

"உள்ளே வாருங்கள்."

"வேணாம் சார். அம்மாகிட்ட ஒரு தபா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." பார்வை சுவரில் மாட்டியிருந்த அவள் படத்தில் இருந்தது.

"எங்கே போகிறீர்கள்?"

"உள்ளதான் சார். ஜாமீன் போட்டவங்க செத்துட்டா ஜாமீனும் போச்சாமே? ஸ்டாண்டுல எல்லாரும் அதையேதான் சொல்லிகினு இருக்காங்க. போலீசு வந்து தெருவுல வச்சு இட்டுகினு போறதுக்கு, நானே போயிட்டா அம்மாவுக்கு மரியாதை."

பையில் இரண்டு லுங்கி, ஒரு சோப்பு, பற்பொடி. வீட்டிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டே காவல் நிலையம் போயிருக்கிறார். கையெழுத்து வாங்கியவர்கள் எதுவும் கேட்கவில்லை.

அவரை உட்காரவைத்து, என் வாழ்நாளின் மிகச் சுருக்கமான சட்ட விளக்கத்தை அளித்தேன். ஜாமீன்தாரர் இறந்தால் அவருடைய சொத்து பொறுப்பிலிருந்து விடுபடும். புதிய ஜாமீன்தாரரைத் தருமாறு நீதிமன்றம் உத்தரவிடலாம். தர முடியாமல் போனால்தான் சிறை. இந்த விதி பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது.

"அப்ப இன்னொருத்தர் வேணும்."

"ஆம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். யாரையும் கேட்கவில்லை, என்னையும்.

"நான் வருகிறேன்" என்றேன்.

அதற்கு முதலில் அவளுடைய இறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டது. நகராட்சி அலுவலகத்துக்கு அதுவரை நான் போகவில்லை. அவருடைய ஆட்டோவிலேயே போனேன். அடுத்து சொத்து. வீட்டை என் பெயருக்கு மாற்றாமல் அதைக் காட்ட முடியாது. அந்தப் படிவத்தில் கையொப்பமிட என்னால் இயலவில்லை. ஆகவே உள்ளூர்ச் சொத்து என்ற நிபந்தனையைத் தளர்த்தி, என் ஓய்வூதிய ஆணையை ஏற்குமாறு மனு எழுதினேன். நான் கற்பித்தவற்றை ஒரு மனிதருக்காக எழுதியது அதுவே முதல் முறை.

நீதிமன்றத்தில் நடுவர் மனுவைப் படித்தார்.

"இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?"

"மனைவி."

"குற்றம் சாட்டப்பட்டவர்?"

"என் மனைவி பொறுப்பேற்றிருந்தவர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பின்னர் கோப்பில் ஏதோ எழுதி, "ஏற்கப்படுகிறது" என்றார்.

எழுத்தர் பழைய ஜாமீன் பத்திரத்தைத் திறந்து வைத்தார். உறவுமுறைக்கான கட்டத்தில், சாய்வில்லாத அவள் எழுத்தில், 'தெரிந்தவர்' என்றிருந்தது. புதிய பத்திரத்தின் அதே கட்டத்தில் நானும் அதையே எழுதினேன். எழுத்தர் அதன்மேல் முத்திரை வைத்தார்.

வெளியே வந்ததும் ஓட்டுநர் ஆட்டோவின் பின் இருக்கையை இரண்டு முறை துடைத்தார்.

செய்யாமல் நிற்பவை:

வீட்டு வரியில் பெயர் மாற்றம். படிவம் மேசையில் இருக்கிறது.

குடும்ப அட்டையில் அவள் பெயர் நீக்கம். அவசரமில்லை.

அடுத்த வாய்தா நாளை, தமிழ் படிக்கத் தெரியாத அவருக்குத் தெலுங்கில் எழுதிக் கொடுப்பது.

கிளைச் சிறையில் அவருக்குப் பக்கத்தில் படுத்திருந்த ஆந்திரப் புத்தூர்க்காரருக்கு ஜாமீன் ஆகியும் கையெழுத்துப் போட ஆள் இல்லையாம். போய் விசாரிக்க வேண்டும்.