டம்ளர் தண்ணீர்

எழுபதுகளில், மாடுகளை விற்றுவிட்டு எங்கள் எண்ணெய்ச் செக்குக்கு மோட்டார் வைத்தோம். பழைய லாரியின் கியர்பாக்ஸையும் புரப்பெல்லர் ஷாப்டையும் மோட்டாரோடு சேர்த்து, ஷாப்டைத் தாங்க மரக்கட்டையைக் குடைந்து வைத்தார் என் மாமனார். இரண்டு தடவை ஷாப்டு முறிந்தது. இன்னொரு தடவை முறிந்தால் செக்கை மூட வேண்டியதுதான்.

அப்போதுதான் காரைக்குடியிலிருந்து அந்த ஃபிட்டர் வந்தார். ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில். கட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இரண்டு பேரிங் பொருத்தினார். பேரிங் பலகை மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, வெறும் செக்கை ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம்; தண்ணீர் ஆடினால் ஷாப்டு நேராக உட்காரவில்லை என்று அர்த்தம்.

வேடிக்கை பார்க்க ஊர் ஆண்கள் கூடி நின்றார்கள். எள் போடக் குறித்த நல்ல நேரம் முடியப் போனது.

மோட்டார்ப் பக்கம் நின்றபடி, “தண்ணி ஆடுதா?” என்று கேட்டார் ஃபிட்டர்.

“ஆடலை, ஆடலை. எள்ளைப் போட விடப்பா, ராகு காலம் வந்துரும்” என்றார் மாமனார்.

ஃபிட்டர் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க தங்கச்சி.”

மாமனார் எதிரில் அதுவரை நான் வாய் திறந்ததே இல்லை. “ஆடுதுண்ணே” என்றேன்.

“பெரியவரே, நீங்க ராகுவப் பாக்குறீக, நான் ஷாப்டப் பாக்குறேன்” என்று மோட்டாரை நிறுத்தினார். பேரிங்குக்கு அடியில் தகடு வைத்து, கழற்றிக் கழற்றி முடுக்கினார். ராகு காலத்தின் நடுவில்தான் தண்ணீர் அசையாமல் நின்றது. அந்த டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு, “இப்பப் போடுங்க எள்ளை” என்றார்.

அந்த ஷாப்டு அப்புறம் முறியவே இல்லை. அத்தனை ஆண்கள் நிற்கும்போது என்னிடம் ஏன் கேட்டார் என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.